ஒரே மண், மூன்று பெயர்

சிங்கப்பூரில் மண் ஆய்வுத் துளை போடும் சைட்டில் சேர்ந்த புதிதில் மண்ணைவிட அதன் பெயர்கள்தான் என்னைக் குழப்பின. புக்கிட் தீமா கிரானைட் மக்கி உண்டான செம்மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நுண்துகள் 40 சதவீதம் என்றால், இரண்டாம் உலகப் போரின்போது விமானத் தளங்களுக்காக மண் பொறியியல் அறிஞர் ஆர்தர் கசக்ராண்டே வகுத்த முறையில் அது மணல். 0.075 மி.மீ. சல்லடையில் பாதிக்கு மேல் இறங்கினால்தான் அங்கே நுண்மண். பழைய பிரிட்டிஷ் முறையில் 35 சதவீதமே எல்லை, அதனால் அதே மண் வண்டலோ களியோ ஆகிவிடும். நிலவியல்காரர்களுக்கோ அது ‘ஜி 6’, அதாவது முழுக்க மக்கி மண்ணாகிவிட்ட கிரானைட்.

“முதல்ல தண்ணி விட்டுப் பிசைஞ்சு பாரு தம்பி, பேரு அப்புறம் வைக்கலாம்” என்றார் கூட வேலை பார்த்த அண்ணன். ஈர மண்ணை உள்ளங்கையில் தட்டையாக வைத்து, மறு கையால் பக்கவாட்டில் தட்டச் சொன்னார். வண்டல் என்றால் மேலே நீர் கசிந்து மினுமினுக்கும். விரலால் அழுத்தியதும் மினுமினுப்பு மறைந்துவிடும். களிமண் அசையாது. அதை 3 மி.மீ. திரியாக உருட்டலாம், ஈரம் குறையும்போது திரி விண்டுபோகும். விண்டுபோகும் அந்த ஈர அளவுதான் நெகிழ் எல்லை என்று எனக்கு விளங்கியது விரலில்தான், பாடத்தில் இல்லை.

காலாங் படிவு என்ற சிங்கப்பூர் நிலவியல் அடுக்கின் மெரின் கிளே, அதாவது கடலடியில் படிந்த மென்மையான களிமண், எனக்கு மிகப் பிடித்தது. மேலடுக்கில், மண்ணின் உறுதியை அளக்கக் கம்பியை அடித்து இறக்கும் 63.5 கிலோ சுத்தியல் விழ வேண்டிய தேவையே பல சமயம் இருக்காது, கம்பி தன் எடையிலேயே இறங்கும். அதன் கீழே கெட்டியான ஒரு அடுக்கு வரும். கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் காய்ந்து இறுகிய பழைய தளம் அது. அதற்கும் கீழே மறுபடி மெரின் கிளே. சல்லடைக் கணக்கை மட்டும் பார்த்தால் இந்த வரலாறு தெரியவே தெரியாது. அதனால் நிலவியல் பெயரையும் விடாமல் எழுதுங்கள் என்பேன்.

ஊரில் பருத்தி விளையும் கரிசல், வேளாண் வகைப்பாட்டில் வெர்டிசால். கட்டுமானக்காரர்களுக்கு அது ஈரத்தில் ஊதி, காய்ந்தால் வெடித்து, அஸ்திவாரத்தை அசைக்கும் களி. இரண்டுமே சரி, கேட்கும் கேள்விதான் வேறு.

புதிதாக வருகிறவர்கள் போர்லாக்கை (துளையில் வந்த மண் அடுக்குகளின் பதிவுத் தாள்) கையில் எடுத்ததும், எந்த முறையில் எழுதியது என்று தலைப்பில் பாருங்கள். நுண்துகளைப் பிரித்த சல்லடை 0.075 மி.மீ.-ஆ, 0.063 மி.மீ.-ஆ என்பதையும் பார்த்துக்கொண்டு, அப்புறம் மண்ணின் பெயரைப் படியுங்கள்.