ஓரியூர்: பணி நிறைவுக்கு முன் ஒரு பயணம்

ராமநாதபுரம் சீமையில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியைத் தலைமையேற்று நடத்தியவர், ஓய்வு பெறும் ஆண்டில் கட்டாயம் போய் நிற்க வேண்டிய இடம் ஓரியூர். வேண்டுதல் என்றால் வேளாங்கண்ணி இருக்கிறது. கடல் தாண்டிப் போக மனமிருந்தால் கச்சத்தீவு அந்தோணியார் இருக்கிறார். கணக்கு ஒப்படைக்கத்தான் ஓரியூர். சம்பளக் கணக்கையும் இருப்புப் பதிவேட்டையும் தாளாளர் வாங்கிக்கொள்வார். எந்தப் பிள்ளையை உள்ளே விட்டோம், எந்தப் பிள்ளையை வெளியே அனுப்பினோம் என்ற கணக்கை வாங்கிக்கொள்ள அலுவலகத்தில் ஆள் கிடையாது.

இந்தக் கணக்கை ஓரியூரில் உயிர் நீத்த புனிதர் அருளானந்தரிடம் கொண்டுபோவதற்குக் காரணம் அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது. அருளானந்தர் என்று தமிழில் அழைக்கப்படும் ஜான் டி பிரிட்டோ 1647 மார்ச் 1 அன்று லிஸ்பனில் பிறந்தவர். சிறுவயதில் அரண்மனையில் இளவரசர் பேதுருவோடு வளர்ந்தார். பிறகு இயேசு சபையில் சேர்ந்து மதுரை மிஷனுக்கு வந்து, காவி உடுத்திப் பண்டாரசாமி என்னும் துறவியாக, மரக்கறி உணவோடு இந்த மண்ணில் நடந்தார். 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டு வதைபட்டார். இனிப் போதிக்கக் கூடாது என்ற ஆணையோடு அந்தச் சீமையின் அரசரான சேதுபதி அவரை விடுவித்தார். அதன்பின் சபை வேலையாக ஐரோப்பா போனபோது, பழைய தோழர் போர்த்துக்கலின் அரசராக இருந்தார். தன் மகனுக்கு ஆசிரியராக அரண்மனையிலேயே தங்கிவிடும்படி கேட்டார். ஓர் ஆசிரியருக்கு அதைவிடப் பெரிய பதவி உண்டா? அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அருளானந்தர் 1690இல் திரும்பி வந்தார். கருமாத்தூரில் ஒரு கல்லூரிக்கும் தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கும் அவர் பெயர் இருப்பது நமக்குத் தெரியும். பெயர்ப்பலகையில் அவரை வைத்திருப்பவர்கள் இந்த மறுப்பை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தீராத நோயிலிருந்து குணமான மறவர் தலைவர் தடியத்தேவர் 1693 ஜனவரியில் திருமுழுக்குப் பெற்றார். அவருக்குப் பல மனைவியர். மூத்தவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பிழைக்க வழி செய்து அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையில் அருளானந்தர் இளகவில்லை. விலக்கப்பட்டவர்களில் இளையவரான கடலை என்பவர், கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். புகார் அரண்மனைக்குப் போயிற்று. ஜனவரி 8 அன்று அருளானந்தரைக் கைது செய்து ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஊருக்குள் வைத்துக் கொல்லத் தயங்கிய சேதுபதி, ஓரியூரில் இருந்த தன் தம்பி உடையத்தேவரிடம் அவரை அனுப்பிவைத்தார். பிப்ரவரி 3 அன்று சிறையிலிருந்து தம் சபை மேலாளருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். எழுதுகோலும் மையும் இல்லை. கரியைத் தண்ணீரில் குழைத்து ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டு எழுதியது அது. தன் போதனையே தன் மேல் சாட்டப்பட்ட குற்றம் என்றும், அந்தக் குற்றத்துக்காகத் துன்பப்படுவது மகிழ்ச்சியே என்றும் அதில் சொல்லியிருக்கிறார். யாரையும் திட்டவில்லை. மறுநாள், பிப்ரவரி 4, அந்த ஆண்டின் திருநீற்றுப் புதன். அன்றுதான் தலை வெட்டப்பட்டது. 1853இல் அருளாளர் பட்டம், 1947 ஜூன் 22 அன்று புனிதர் பட்டம்.

பயணத்தை ராமநாதபுரம் அரண்மனையிலிருந்து தொடங்குவது நல்லது. கிழவன் சேதுபதி எழுப்பிய ராமலிங்க விலாசத்தின் வாசலில் சற்று நேரம் நின்றுவிட்டுப் புறப்படலாம். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி என்று கிழக்குக் கடற்கரைச் சாலை வடக்கே போகிறது. தொண்டியைத் தாண்டிய பின் கடலை விட்டு உள்ளே திரும்பினால் கண்மாய்ப் பாசன வயல்களுக்கு நடுவே, பாம்பாற்றை ஒட்டி ஓரியூர். தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குத் திருவாடானை வழி சுலபம். உள்ளூர்ப் பேருந்துகளுக்கு இடைவெளி அதிகம் என்பதால் திரும்பும் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தங்கும் இடம், திருப்பலி நேரம், பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது பாவ அறிக்கை கேட்க, குருவானவர் இருக்கும் நாள் எல்லாவற்றையும் திருத்தல அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துவிடுவது அவசியம். கொடியேற்றம், தேர்பவனி நாட்களில் கூட்டம் நெரியும். நமக்கு வேண்டியது அமைதி, ஆகவே சாதாரண வாரநாள்தான் சரி.

நடந்து போக விரும்புகிறவர்கள் பலர். அறுபது வயதில் முழுத் தூரமும் நடப்பது பக்தி ஆகாது. கடைசி எட்டு, பத்து கிலோமீட்டர் போதும். விடியற்காலை நான்கரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் சேர்ந்துவிடலாம். மாசி பிறந்துவிட்டால் ஒன்பது மணிக்கே தார்ச்சாலை சுடத் தொடங்கிவிடும். வெறுங்காலோடு நடக்கும் நேர்ச்சை இருந்தால் சாலையை விட்டு இறங்கக் கூடாது. ஓரமெல்லாம் சீமைக்கருவேல முள், குத்தினால் உள்ளேயே முறிந்து சீழ் வைக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அந்த நேர்ச்சையே வைக்க வேண்டாம், பாதத்தில் உணர்வு குறைந்திருப்பதால் முள் ஏறியதே தெரியாது. செருப்போடு நடப்பவர்களுக்குக் கொப்புளம் வருவது வியர்வையில் தோல் ஊறி உரசுவதால்தான். விரல் இடுக்கிலும் குதிகாலிலும் தேங்காய் எண்ணெய் தடவிப் பருத்திக் காலுறை போட்டால் பெரும்பாலும் வராது. ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர் கையில் இருக்கட்டும். கடலோர ஊர்களில் பல கிணறுகள் உவர்ப்பு.

ஒரு எச்சரிக்கை. பள்ளிப் பேருந்து இரண்டைப் பிடித்து ஆசிரியர்கள் அனைவரையும் ஏற்றிக்கொண்டு போனால் அது சுற்றுலாவாகிவிடும். பொன்னாடையும் குழுப்படமும் அங்கேயும் தொடர்ந்து வரும். தனியாகப் போங்கள், அல்லது வீட்டார் ஒருவரோடு. துறவறத்தார் என்றால் சபையில் ஒருவர் துணை போதும்.

போர்த்துக்கீசிய முகப்புள்ள கோவிலைப் பார்த்ததும் எல்லாரும் கேட்பது செம்மண்ணைத்தான். சுற்றிலும் வெளிறிய வயல் மண். இங்கே மட்டும் மேட்டில் மணல் சிவந்து கிடக்கிறது. வேதசாட்சியின் இரத்தம் பட்டுச் சிவந்ததென்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. மதம் பாராமல் மக்கள் அதை மருந்தாக எடுத்துப்போகிறார்கள். கையில் எடுத்துப் பாருங்கள். பொடியான மணல், ஈரமில்லாத நாளில் விரலிடுக்கு வழியே வழிந்துவிடும், உள்ளங்கை ரேகைகளில் மட்டும் காவி நிறம் ஒட்டி நிற்கும். ஒரு சிட்டிகை போதும். காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு நெற்றியில் இட்டுக்கொள்ளலாம். பைநிறைய அள்ளிப்போவதும், நோயாளிக்குத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுப்பதும் வேண்டாம். நம்பிக்கைக்கு நெற்றி போதும், வயிற்றுக்கு மருத்துவர் இருக்கிறார்.

இனி, வந்த காரியம். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வழியிலான ஆன்ம ஆய்வுக்கு ஐந்து படிகள்: நன்றி சொல்வது, ஒளி கேட்பது, கடந்ததைப் புரட்டிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, அடுத்ததைத் தீர்மானிப்பது. அன்றாடம் கால் மணி நேரத்தில் முடிவதை இங்கே முப்பது ஆண்டுக்குச் செய்யப்போகிறோம், ஆகவே இரண்டு அமர்வாவது வேண்டும். காலையில் முதல் மூன்று படி, மதிய ஓய்வுக்குப் பின் மற்ற இரண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு தாள் என்று பிரித்து எழுதுவது உதவும். பலர் சறுக்கும் இடம் மூன்றாவது படி. தேர்ச்சி விழுக்காடு, கட்டிய கட்டடம், வாங்கிய விருது என்று பேனா தானாக ஓடும். அது ஆண்டுவிழா அறிக்கை. தாளில் ஆட்களின் பெயர் வர வேண்டும்.

சேர்க்கையில் யாரைத் திருப்பி அனுப்பினேன், யார் சிபாரிசுக்காக யாரைச் சேர்த்தேன்? மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிய பையன் அதன்பின் பள்ளிக்கூடமே போகாமல் படகேறினானா? கட்டணம் பாக்கி என்று பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேனா? ஆசிரியர் நியமனத்தில் நான் வாய் திறக்க வேண்டிய நேரத்தில் திறந்தேனா? பிள்ளைகள் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறமாகக் கயிறு கட்டி வந்தபோது கழற்றச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டேனா, அது யார் வீட்டிலிருந்து வருகிறது என்று போய்ப் பார்த்தேனா? ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிறவர்களே தெரு பிரிந்து நிற்கும் ஊர்கள் நம் மறைமாவட்டத்திலும் உண்டு. பள்ளித் தலைமையில் இருந்தவருக்கு இந்தக் கேள்வியிலிருந்து விலக்கு கிடையாது.

இன்னொன்றும் கேட்டாக வேண்டும். நம் பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்று கால அட்டவணையில் போட்டிருக்கும். இந்தக் கடற்கரையில் இந்து, இஸ்லாமியப் பிள்ளைகளே மிகுதியாகப் படிக்கும் பள்ளிகள் எத்தனையோ. அந்த நன்னெறி வகுப்பு ஒழுங்காக நடந்ததா, கணக்குப் பாடத்துக்குக் கடன் போனதா? பொதுத் தேர்வு நெருங்கியதும் முதலில் பலியாவது அந்தப் பாடவேளைதான். மதிப்பெண் இல்லாத பாடத்தை நாமே மதிக்கவில்லை என்று பிள்ளைகள் படித்துக்கொள்ளும் நாள் அது. விழுமியம் என்று மேடையில் பேசுவதெல்லாம் அந்த ஒரு பாடவேளையைக் காப்பாற்றியதில் தெரியும்.

எழுதிய தாளோடு பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கள். முடிந்தபின் அதைக் கிழித்துவிட வேண்டும். பிறர் பெயர்கள் இருக்கும் காகிதம் அடுத்தவர் கண்ணில் படக் கூடாது.

நேர்த்திக்கடன் என்ற பேச்சும் வரும். ஓரியூரில் மொட்டை போடுகிறார்கள், பிள்ளை வரம் கேட்டவர்கள் தென்னங்கன்று கொண்டுவந்து செலுத்துகிறார்கள், கிடா வெட்டி அசனம் என்னும் பொது விருந்து போடுகிறார்கள். பிரிவு உபசாரத்துக்குப் பள்ளியில் வசூலாகும் பணத்தை மோதிரமாக வாங்கிக்கொள்ளாமல் இங்கே ஒருவேளை சோறாகப் போடலாம் என்பது எங்கள் எண்ணம். பண்டாரசாமியாக வாழ்ந்த அருளானந்தருக்கு மரக்கறிச் சாப்பாடே பொருத்தம். தவக்கால வெள்ளிகளில் இறைச்சிக்கு இடமும் இல்லை. நூறு பேருக்கு 13 கிலோ அரிசி, சாம்பாருக்கு 3 கிலோ துவரம்பருப்பு, காய் 10 கிலோ என்று வைத்தால் குறையாது. சமையல் தண்ணீரை மட்டும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். உவர்நீரிலும் கடின நீரிலும் பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் பருப்பு பருப்பாகவே நிற்கும், கரையாது. புளியை முன்னதாக ஊற்றினாலும் அதே கதைதான். திறந்தவெளி அடுப்பைக் காற்று அலைக்கழிக்கும், ஆகவே மூன்று பக்கமும் தகரம் வைத்து மறைக்க வேண்டும். முதல் பந்தியில் அங்கே கையேந்தி நிற்கிறவர்களும் முன்பின் தெரியாத யாத்திரிகர்களும் உட்காரட்டும். உறவுக்காரர்கள் இரண்டாம் பந்தி.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. அரசு உதவிபெறும் பள்ளியில் ஓய்வு வயது 60. கல்வியாண்டின் நடுவில் வயது நிறைந்தால் ஆண்டு முடியும்வரை மறுநியமனம் கிடைக்கும். அதனால் பலரும் மே மாதக் கடைசியில் வரலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். அது தாமதம். பிப்ரவரியில் வந்தால் தவறிய சிலவற்றைச் சரிசெய்ய இன்னும் மூன்று மாதப் பதவி கையில் இருக்கும். நிறுத்திவைத்த ஒரு சான்றிதழைக் கொடுக்கலாம், ஒரு ஆசிரியரின் பணிப்பதிவேட்டில் விடுபட்ட பதிவைப் போட்டுவிடலாம், இடைநின்ற பிள்ளையைத் தேடித் திரும்பச் சேர்க்கலாம். கையெழுத்து போடும் அதிகாரம் போனபின் வரும் மனவருத்தத்தால் அந்தப் பிள்ளைக்குப் பயன் குறைவு.

ஐந்தாவது படியில் யாராவது ஒருவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெளிந்தால், திரும்பும் வழியிலேயே அந்த வீட்டில் இறங்கிவிடுங்கள். தொண்டியோ திருப்பாலைக்குடியோ, பழைய மாணவர் வீடு பெரும்பாலும் இந்தச் சாலை ஓரத்தில்தான் இருக்கும். கடலுக்குப் போய்வந்தவர்கள் வலை பிரித்து மீன் விற்று ஓய்ந்திருக்கும் பிற்பகல் பார்த்துப் போக வேண்டும். பழக்கூடை, சால்வை எதுவும் வேண்டாம், வாங்கியவர் மறுக்க முடியாமல் போய்விடும். சக ஆசிரியரைத் துணைக்குக் கூட்டிப்போனால் அது சமரசப் பேச்சாகிவிடும், ஆகவே தனியாக. "நான் செய்தது தப்பு, தம்பி" என்று என்ன செய்தோம் என்பதைப் பெயரிட்டுச் சொல்லிவிட வேண்டும். "அன்றைக்கு நிலைமை அப்படி" என்று தொடங்கினால் பேச்சு கெட்டது. அவர் முகம் கொடுக்காவிட்டால் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம், கதவை இரண்டாம் முறை தட்ட வேண்டாம்.