கையெழுத்தில் சிக்கிய ஓட்டு: நியூஜெர்சி கவர்னர் தேர்தலில் என் அனுபவம்

நியூஜெர்சியில் கவர்னர் தேர்தல் நடந்தது 2021 நவம்பர் 2, செவ்வாய்க்கிழமை. என் ஓட்டு கணக்கில் சேர்ந்தது கிட்டத்தட்ட இரண்டு வாரம் கழித்து. நடுவில் தீபாவளி வந்து போனது, ஜெயித்தவர் யார் என்று தெரிந்துவிட்டது, தோற்றவர் தோல்வியை ஒப்புக்கொண்டும் விட்டார். அதுவரை என் ஓட்டு ஒரு உறைக்குள் ஓரமாகக் கிடந்தது. நம்மவர்கள் நிறையப் பேர் இதே இடத்தில் மாட்டிக்கொள்ளக்கூடும் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நானும் மனைவியும் 2019இல் குடியுரிமை பெற்றோம். உறுதிமொழி எடுத்த அன்றே, அரங்கத்து வாசலில் நின்றிருந்த தன்னார்வலர்கள் வாக்காளர் பதிவுப் படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். அங்கேயே நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தில் போட்ட கையெழுத்துதான் பின்னால் என்னைப் படுத்தியது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

2020 கோடையில், கொரோனா காலத்தில், தபால் ஓட்டுக்கான விண்ணப்பம் வீட்டுக்கு வந்தது. பூர்த்தி செய்து அனுப்பினோம். இந்த மாநிலத்தில் ஒருமுறை அப்படி விண்ணப்பித்தால், வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும்வரை ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குச்சீட்டு தபாலில் வந்துகொண்டே இருக்கும் என்பது அப்போதைய விதி. எனக்கு அது தெரியாது. 2020 நவம்பரில் மாநிலம் முழுக்க எல்லோருக்குமே தபாலில் அனுப்பினார்கள், அதனால் வித்தியாசமும் தெரியவில்லை. 2021இல் மறுபடி இரண்டு உறைகள் வந்தபோது, போன வருடம் மாதிரி எல்லோருக்கும் அனுப்புகிறார்கள் போல என்று நினைத்து மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். நேரில் போய் ஓட்டுப் போடவேண்டும் என்பது இரண்டு பேருக்குமே ஆசை. ஊரில் பள்ளிக்கூடத்து வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

யாருக்குப் போடுவது என்பதில் எங்களுக்குக் குழப்பமில்லை, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தோம். கவர்னர் பதவிக்கு மொத்தம் 5 பேர். பதவியிலிருந்த ஜனநாயகக் கட்சியின் ஃபில் மர்ஃபி, குடியரசுக் கட்சியின் ஜாக் சியாட்டரெல்லி, பசுமைக் கட்சியின் மேடலின் ஹாஃப்மன், லிபர்டேரியன் கட்சியின் கிரெக் மெலே, சோஷலிஸ்ட் ஒர்க்கர்ஸ் கட்சியின் ஜோன் குனியான்ஸ்கி. இந்தியக் கவர்னரை நினைத்துக்கொண்டு இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே கவர்னர் என்றால் நம் ஊர் முதல்வர் மாதிரி, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர், மாநில பட்ஜெட்டில் கையெழுத்துப் போடுபவர். துணை கவர்னரும் சேர்ந்து ஒரே ஜோடியாகத்தான் நிற்பார்கள். சின்னக் கட்சிக்காரர்கள் சீட்டில் இடம் பிடிக்க அப்போது 800 வாக்காளர்களின் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அதோடு மாநில செனட், அசெம்பிளி, கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), பள்ளிக் குழு, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லவேண்டிய இரண்டு பொதுக் கேள்விகள் என்று சீட்டு நீண்டுகொண்டே போனது. கவர்னரை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் பாதிச் சீட்டு வெறுமையாக இருக்கும், முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள்.

தேர்தல் அன்று சாயங்காலம் வேலை முடித்து ஐந்தே முக்காலுக்கு பூத்துக்குப் போனோம். காலை 6 முதல் இரவு 8 வரை நேரம். வரிசை பெரிதாக இல்லை. அந்த வருடம்தான் தடிமனான பதிவேட்டுக்குப் பதில் டேப்லெட் வைத்திருந்தார்கள். மேஜையிலிருந்த அம்மாள் என் பெயரைத் தேடினார், முகம் மாறியது. உங்களுக்குத் தபால் ஓட்டு அனுப்பியிருக்கிறோம், இங்கே போட முடியாது, வீட்டுக்குப் போய் அந்த உறையை எடுத்து வாருங்கள் என்றார். நான் அதை அனுப்பவில்லை, பிரிக்கக்கூட இல்லை என்றேன். அதையே திரும்பச் சொன்னார். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், ஒதுங்குங்கள் என்றும் சொன்னார். மனைவிக்கும் அதே பதில்தான்.

நான் கிளம்பிவிட்டேன். மனைவி மட்டும், "நீங்க போய் எடுத்துட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்று நின்றுவிட்டாள்.

வீட்டில் டிராயரைத் தேடி, உறையைப் பிரித்து, நின்றவாக்கிலேயே வட்டங்களை நிரப்பினேன். உள் உறையின் மடிப்பில் ஒரு சான்றிதழ் இருக்கும், அதில் கையெழுத்துப் போட வேண்டும், அந்த மடிப்பைக் கிழிக்கக் கூடாது. படித்துப் பார்த்துத்தான் செய்தேன். ஆனால் கை தானாகப் போட்டது என் பழைய கையெழுத்தை: தமிழில், அப்பா பெயரின் முதலெழுத்தோடு, பத்தாம் வகுப்பிலிருந்து போட்டு வருவது. ஒட்டிக்கொண்டு, மனைவியின் உறையையும் எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினேன்.

பூத் வாசலில் வேறொருவர். உறையை நீட்டியதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். தபால் உறைகளை பூத்தில் வாங்கக் கூடாது, டிராப் பாக்ஸில்தான் போட வேண்டும் என்றார். ஒரு மணி நேரத்துக்கு முன் உங்கள் ஆள்தானே எடுத்து வரச் சொன்னார் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். அந்த நிமிடம் வந்த கோபம் இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை. எனக்கு வண்டி இருந்தது. வண்டி இல்லாத ஒரு வயதானவரை இப்படி அனுப்பியிருந்தால் அவர் ஓட்டு அன்றோடு போயிருக்கும்.

உள்ளே பார்த்தால் மனைவி சிரித்துக்கொண்டு வருகிறாள், சட்டையில் ஓட்டுப் போட்டதற்கான ஸ்டிக்கர். நான் போன நேரத்தில் சுவரில் ஒட்டியிருந்த வாக்காளர் உரிமைப் பட்டியலை வரிவரியாகப் படித்திருக்கிறாள். புரொவிஷனல் பேலட், அதாவது சரிபார்த்த பிறகு எண்ணப்படும் தற்காலிக வாக்குச்சீட்டு, கேட்க உரிமை உண்டு என்று அதில் இருந்திருக்கிறது. நேரே மேஜைக்குப் போய் அந்த வார்த்தையையே சொல்லிக் கேட்டிருக்கிறாள். மூத்த ஊழியர் ஒருவர் வந்து, ஆமாம், தபால் ஓட்டுப் பட்டியலில் இருப்பவர் நேரில் வந்தால் கொடுக்க வேண்டியது அதுதான் என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். காகிதத்தில் போட்டு, உறுதிமொழியில் கையெழுத்திட்டு, உறையில் வைத்து மூடவேண்டும். அவள் தபாலில் எதுவும் அனுப்பவில்லை என்று சரிபார்த்த பிறகு அதை எண்ணுவார்கள். கொஞ்சம் தாமதமாகும், ஆனால் செல்லும்.

ஆகவே இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "முடியாது" என்று யார் சொன்னாலும் பூத்தை விட்டு வெளியே வராதீர்கள். "புரொவிஷனல் பேலட் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். அந்த இரண்டு வார்த்தைக்கு இருக்கும் பலம் மற்ற எந்த வாதத்துக்கும் இல்லை.

என் உறையை நூலக வாசலிலிருந்த டிராப் பாக்ஸில் போட்டபோது மணி 7:35. முடிந்தது என்று வீட்டுக்கு வந்து டிவி பார்த்தோம். கருத்துக்கணிப்பெல்லாம் மர்ஃபி சுலபமாக ஜெயிப்பார் என்றது, ஆனால் அன்றிரவு சியாட்டரெல்லி முன்னிலையில் இருந்தார். மறுநாள் தபால் ஓட்டுகள் எண்ண எண்ணத்தான் மர்ஃபி மேலே வந்தார். மாநில செனட்டின் தலைவராக இருந்த ஸ்டீவ் ஸ்வீனியை எட்வர்ட் டர் என்கிற லாரி ஓட்டுநர் தோற்கடித்த செய்தியும் அந்த வாரம்தான் வந்தது. ஒவ்வொரு ஓட்டும் எவ்வளவு முக்கியம் என்று தீபாவளியன்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன்.

அடுத்த செவ்வாய், 9ஆம் தேதி, கவுண்டியிலிருந்து கடிதம். உங்கள் வாக்குச்சீட்டு உறையிலிருக்கும் கையெழுத்து எங்கள் பதிவில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை, இணைத்திருக்கும் படிவத்தை நிரப்பிக் குறித்த நாளுக்குள் திருப்பித் தராவிட்டால் உங்கள் ஓட்டு எண்ணப்படாது என்று இருந்தது. இங்கே இதை க்யூர் லெட்டர் என்கிறார்கள். 2020இல் வந்த சட்டம் இது. கையெழுத்துக் கோளாறு என்றால் சத்தமில்லாமல் தள்ளிவிடாமல் வாக்காளருக்குத் தெரிவித்துத் திருத்த வாய்ப்புத் தரவேண்டும்.

படித்ததும் புரிந்துவிட்டது. குடியுரிமைச் சான்றிதழில் ஆங்கிலத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அதே சூட்டில் பதிவுப் படிவத்திலும் அப்படியே போட்டேன். அதுவும் எங்கள் வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது, இங்கே அப்பா பெயரே கடைசிப் பெயராகிவிட்டது. ஆக, பதிவில் இருப்பது ஆங்கிலத்தில் நீளமாக, என் பெயர் முன்னால், அப்பா பெயர் பின்னால். உறையில் இருப்பது தமிழில் நான்கே எழுத்து. ஒப்பிட்டுப் பார்த்தவர் மேல் தவறு சொல்ல முடியாது.

படிவம் சின்னதுதான். பெயர், முகவரி, ஓட்டுநர் உரிம எண், இந்த உறையை அனுப்பியது நான்தான் என்று ஒரு கையெழுத்து. தபாலில் அனுப்பலாம் என்று இருந்தது. கெடு நெருங்கிவிட்டதால் நம்பிக்கை வரவில்லை, நேரில் கொடுக்க முடிவு செய்தேன்.

புதன்கிழமை அரை நாள் லீவு. கவுண்டி கிளார்க் அலுவலகத்துக்குப் போனேன், ஏனென்றால் வாக்குச்சீட்டை அனுப்பியது அவர்கள். நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு ஜன்னலில் இருந்தவர், சீட்டை அச்சிட்டு அனுப்புவதுதான் எங்கள் வேலை, திரும்பி வந்ததைப் பார்ப்பது போர்டு ஆஃப் எலெக்‌ஷன்ஸ், அது வேறு கட்டடம் என்றார். முகவரி கேட்டேன், கடிதத்திலேயே இருக்கும் என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். இருந்தது, பின்பக்கத்தில் சின்ன எழுத்தில். அங்கே போய்ச் சேர்வதற்குள் பூட்டிவிட்டார்கள். மறுநாள் வியாழன், நவம்பர் 11, முன்னாள் படைவீரர் தினம், அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை. கெடு முடிவதற்கு என் கையில் இருந்தது வெள்ளிக்கிழமை மட்டும்தான். அந்த விடுமுறை நாள் முழுக்கப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், தூக்கமும் சரியாக வரவில்லை.

வெள்ளி காலை கதவு திறக்கும்போது முதல் ஆளாக நின்றேன். அங்கே இருந்த பெண் படிவத்தை வாங்கி, உரிம எண்ணைச் சரிபார்த்து, முத்திரை குத்தி, நகல் ஒன்றை என்னிடம் கொடுத்தார். மொத்தம் பத்து நிமிடம். எந்த மொழி எழுத்திலும் கையெழுத்துப் போடலாம், பதிவில் இருப்பதோடு ஒத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று பொறுமையாக விளக்கினார். கையெழுத்தை மாற்ற வேண்டுமென்றால் புதிதாக ஒரு பதிவுப் படிவம் நிரப்பிக் கொடுத்தால் போதும் என்று ஒன்றை எடுத்தும் தந்தார். அங்கேயே தமிழில் போட்டுக் கொடுத்தேன். தபால் ஓட்டுப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கும் கடிதத்தைக் கிளார்க் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

வீட்டில் தபால் ஓட்டுப் போடும் அப்பா அம்மா இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் உறையை நீங்கள் கொண்டுபோய்ப் போடுவதாக இருந்தால், கொண்டுபோகிறவருக்கு என்று இருக்கும் இடத்தில் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் 3 பேருடையதைத்தான் கொண்டுபோகலாம், ஒரே வீட்டில் இருக்கும் குடும்பத்தினர் என்றால் 5. போட்ட பிறகு மாநில இணையதளத்தில் உங்கள் சீட்டின் நிலையைப் பாருங்கள். நான் பார்த்திருந்தால் கடிதம் வருவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

நான் படிவம் கொடுத்த அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலையில் இருக்கும்போதுதான் சியாட்டரெல்லி தோல்வியை ஒப்புக்கொண்ட செய்தி வந்தது. கடைசிக் கணக்கில் வித்தியாசம் சுமார் 84,000 ஓட்டு. மற்ற மூன்று கட்சிகளும் சேர்ந்து வாங்கியது 20,000 சொச்சம். உன் ஒரு ஓட்டால் என்ன ஆகப்போகிறது, இதற்கா ஒரு நாள் லீவு என்று நண்பர் ஒருவர் கேட்டார். அது என் ஓட்டு, அதைக் குப்பையில் போட நான் சம்மதிக்க மாட்டேன் என்றேன். வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.

மறு வாரம் இணையதளத்தில் பார்த்தபோது என் சீட்டு ஏற்கப்பட்டது என்று காட்டியது. மனைவியின் புரொவிஷனலும் அதே வாரம் எண்ணப்பட்டுவிட்டது.

2022 நவம்பரில் முன்கூட்டி ஓட்டுப் போடும் மையத்துக்குப் போனோம். கவுண்டிக்குள் எந்த மையத்திலும் போடலாம், கூட்டமும் இல்லை. டேப்லெட்டில் தமிழில் கையெழுத்துப் போட்டேன். எதிரிலிருந்த இளைஞர் திரையையும் என்னையும் பார்த்து, இது என்ன மொழி என்று கேட்டார். சொன்னேன். ஒத்துப்போகிறது என்று சீட்டைக் கொடுத்தார்.