இந்த முறை கடவுச்சீட்டோடு

மே 17, 2025, சனி

இரவுச் சாப்பாட்டு மேசையிலேயே முடிவாகிவிட்டது. ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் தமிழ்நாட்டுக்குப் போகிறோம்: நான், இவர், பிள்ளைகள் இருவர், அம்மா. மூத்தவனுக்குப் பதினொரு வயது, சின்னவளுக்கு ஏழு. பிள்ளைகளுக்கும் இவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். எனக்கும் அம்மாவுக்கும் அப்படியில்லை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

எந்த வழியால் போவது என்பதில்தான் நேரம் போனது. திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போக ஒரு பகல் முழுவதும் வேண்டும். "சீனக்குடாவில் விமான ஓடுபாதை இருக்கிறதே, அங்கிருந்து போக முடியாதா?" என்று மூத்தவன் கேட்டான். அது விமானப்படைத் தளம் என்று சொன்னதும் அவனுக்கு ஏமாற்றம். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது. இந்த ஆண்டு மார்ச் 30 முதல் திருச்சிக்கும் நேரே பறக்கிறது. ஒரு மணி நேரம்தான். சின்னவள் கப்பல்தான் வேண்டுமென்றாள். காங்கேசன்துறை - நாகப்பட்டினம் கப்பலைப் பற்றி வகுப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, சென்ற ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய கப்பல். நான்கு மணி நேரப் பயணம்.

கப்பல் என்ற சொல் விழுந்ததும் அம்மா எழுந்து தன் கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

"நான் வள்ளத்தில் ஏற மாட்டேன், பிள்ளை."

"வள்ளம் இல்லை அம்மம்மா, பெரிய கப்பல்" என்றாள் சின்னவள்.

"கடல் அதே கடல்தானே" என்றார் அம்மா. அதற்குப் பிறகு கப்பலைப் பற்றி யாரும் பேசவில்லை. திருச்சி விமானம் என்று எழுதிக்கொண்டேன்.

மே 25, ஞாயிறு

பிள்ளைகளோடு வெளிநாடு போக நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: ஊரைத் தெரிவதற்கு முன் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள் தமிழில் இருக்கின்றன. கடவுச்சீட்டில் பெயர் ஆங்கிலத்தில் வர வேண்டும். இவருடைய பெயர் அடையாள அட்டையில் கடைசியில் 'எச்' எழுத்தோடு இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் மூத்தவனின் சான்றிதழுக்கு எடுத்த மொழிபெயர்ப்பில் அந்த எழுத்து இல்லை. சின்னவளுடையதில் இருக்கிறது. ஒரே தகப்பனின் பிள்ளைகள் இருவர், கடதாசியில் இரண்டு தகப்பன்மாருக்குப் பிறந்தவர்களாகத் தெரிகிறார்கள். மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பவும் கொடுத்திருக்கிறேன். ஓர் எழுத்துக்காக ஒரு வாரம்.

என் வேலை தொடர்பாகவும் ஒரு கடமை இருக்கிறது. விடுமுறைக் காலமானாலும் அரச ஆசிரியர் நாட்டைவிட்டு வெளியே போக முன்னனுமதி பெற வேண்டும். படிவத்தை அதிபரிடம் கொடுத்துவிட்டேன். அது வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகும்.

ஜூன் 4, புதன்

கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க விடியுமுன் புறப்பட்டு வவுனியாவுக்குப் போனோம். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தாயும் தகப்பனும் சம்மதம் தர வேண்டும் என்பதால் நால்வரும் போனோம். அம்மாவும் வந்தார். ஹொரவப்பொத்தானையைத் தாண்டியதும் சின்னவள் வாந்தி எடுத்தாள். பையில் தேசிக்காய் இருந்தது, மாற்றுச் சட்டை இல்லை. இனி எந்தப் பயணத்திலும் மாற்றுச் சட்டை அடிப்பையில் அல்ல, கைப்பையில்தான்.

வேலை முடிந்து வரும்போது அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. கன்னியாவைத் தாண்டியபோது மட்டும், "அறுபத்தெட்டு வயதில் எனக்கு முதல் கடவுச்சீட்டு" என்றார். அவர் முகத்தில் மகிழ்ச்சியா வேறு ஏதாவதா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

ஜூன் 21, சனி

விசா விண்ணப்பம். கணினியின் முன் மாலை முழுவதும் இருந்தேன்.

படிவம் ஒவ்வொருவரிடமும் உடலில் உள்ள அடையாளத்தைக் கேட்கிறது. மூத்தவனுக்கு யோசிக்கவே தேவையில்லை: பிரெட்ரிக் கோட்டைக்குள் மான் குட்டியைத் துரத்திப் போய்க் கல்லில் விழுந்த தழும்பு, இடது முழங்காலில். சின்னவளைத் தலைமுதல் கால்வரை திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் அவளே காதுக்குப் பின்னால் இருந்த மச்சத்தைக் காட்டினாள். ஏழு வருடமாகத் தலை சீவிவிடுகிறேன், நான் அதைக் கண்டதில்லை. பெற்றோர் பிறந்த இடம், மதம், பாட்டன் பாட்டி பாகிஸ்தானைச் சேர்ந்தவர்களா என்ற கேள்வி எல்லாவற்றையும் நிரப்பினேன். பிள்ளைகளின் கல்வித் தகைமையைக்கூடக் கேட்கிறார்கள்.

பிறகு என் படிவம். "இதற்கு முன் இந்தியாவுக்கு வந்திருக்கிறீர்களா?"

ஆம் என்றால் தங்கிய முகவரி, விசா இலக்கம், அது வழங்கப்பட்ட இடம், திகதி எல்லாம் கேட்கும்.

நான் வந்திருக்கிறேன். 1990இல், ஏழு வயதில். ஜூன் மாதத்தில் போர் மீண்டும் தொடங்கியபோது வீட்டைவிட்டு ஓடி, காட்டு வழியாக மன்னாருக்குப் போய், ஓர் இரவில் வள்ளத்தில் ஏறினோம். ஓட்டி எங்களை மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார். விடிந்தபோது நான்கு பக்கமும் நீர். இந்தியப் படகொன்று வந்து ஏற்றிய பிறகுதான் அம்மா என் கையை விட்டார். அதன்பின் மண்டபம் அகதி முகாம். 1992இல் திரும்பி வந்து திருகோணமலை அலஸ்தோட்டத்தில் தங்கினோம்.

விசா இலக்கம் இல்லை. வழங்கப்பட்ட திகதி இல்லை.

இங்கே பயண ஏற்பாடு செய்பவர் ஒருவரிடம் கேட்டேன். "இல்லை என்று போடுங்கள் டீச்சர், முப்பது வருடத்துக்கு முந்தியதை யார் பார்க்கப் போகிறார்கள்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். இரவு இவரிடம் சொன்னேன். இவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீர் அந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டத்தானே போகிறீர்? அங்கே போகவில்லை என்று எழுதிவிட்டு எப்படிக் காட்டுவீர்?" என்றார்.

படிவத்தைச் சேமித்துவிட்டு மூடினேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஆம் என்று எழுதினேன். இணைய விசாவை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் நேரில் விண்ணப்பிப்பது என்று முடிவு. கட்டங்களுக்குள் அடங்காததை ஒரு பக்கக் கடிதமாக எழுதினேன். எந்த மாதம் வந்தோம், எங்கே இருந்தோம், எப்போது திரும்பினோம் என்பது மட்டும். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு வரி வந்துவிடுகிறது. ஏழு வயதுப் பிள்ளை உயிரோடு இருக்கக் கடல் தாண்டியதற்கு எதற்கு மன்னிப்பு? நான்காவதில் அந்த வரி இல்லை.

ஜூன் 28, சனி

அம்மா தன் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் உறையொன்றை எடுத்துவந்து என் முன் வைத்தார். கறுப்பு வெள்ளைப் படம். முகாமில் பதிவுக்காக எடுத்தது. அப்பா கையில் எண் எழுதிய பலகை, அம்மாவின் இடுப்பில் தம்பி, முன்னால் நான். இப்படி ஒரு படம் இருப்பதே எனக்குத் தெரியாது. இத்தனை இடம்பெயர்வுக்குள் இதை எங்கே வைத்துக் காப்பாற்றினார் என்று கேட்டால், "சேலைக்குள்" என்றார்.

சின்னவள் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் ஏன் இவ்வளவு கறுப்பாக இருக்கிறேன்?" என்று கேட்டாள்.

படத்தின் பிரதி ஒன்றைக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.

ஜூலை 5, சனி

வியாழக்கிழமை யாழ்ப்பாணம் போய் விண்ணப்பங்களைக் கொடுத்துவிட்டு வந்தோம். கடிதத்தை வாங்கிய பெண் நின்று முழுவதையும் வாசித்தார். "மண்டபமா?" என்று மட்டும் கேட்டார். காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். வலயத்திலிருந்து என் அனுமதி வந்துவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

விசா வருமுன் பயணத்திட்டம் போடக்கூடாது என்று அம்மா சொல்கிறார். ஆனால் பிள்ளைகளைப் பிடித்துவைக்க முடியாது.

எட்டு இரவுகள். என் முதல் பட்டியலில் பதின்மூன்று ஊர்கள் இருந்தன. மதுரை, சிதம்பரம், காஞ்சிபுரம், மாமல்லபுரம், வேளாங்கண்ணி… ஏழு வயதுப் பிள்ளையையும் முழங்கால் நோவுள்ள கிழவியையும் வைத்துக்கொண்டு நாளுக்கு இரண்டு கோயில் பார்ப்பது பயணமல்ல, தண்டனை. ஒரு நாள் ஓட்டம், அடுத்த நாள் ஓரிடத்தில் இருப்பு என்று விதி வைத்ததும் பட்டியல் தானாகவே சுருங்கியது. ஆளுக்கொரு இடம் தெரிய வேண்டும், அதை மற்றவர்கள் மறுக்கக்கூடாது.

இவர் தஞ்சாவூரைச் சொன்னார். 1010இல் முடிந்த கோயில், இருநூறு அடிக்கு மேல் உயர்ந்த விமானம். சிற்பத்தில் ஈடுபாடுள்ள மனிதர், அங்கே ஒரு முழு நாள் வேண்டுமென்றார். சரி.

அம்மா சம்பந்தர் பிறந்த சீர்காழியைச் சொன்னார். எங்கள் ஊரில் திருஞானசம்பந்தர் வீதி இருக்கிறது. கோணேசரைப் பாடியவர் அவர். இந்தக் கரைக்கு வராமலே பாடினார் என்பார்கள். "அவர் இங்கே வரவில்லை, நாங்களாவது அங்கே போவோம்" என்றார் அம்மா.

மூத்தவன் தரங்கம்பாடி என்றபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவனுடைய காரணம் எனக்கே புதிது. டென்மார்க்குக்காரர்கள் 1620இல் முதலில் வந்தது திருகோணமலைக்குத்தானாம். கண்டி அரசனோடு ஒப்பந்தம் பேசி, கோணேசர் மலையில் இடம்பிடிக்கப் பார்த்திருக்கிறார்கள். அது நிலைக்கவில்லை. அதே ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். "எங்கள் ஊரில் கட்ட வேண்டிய கோட்டையை அங்கே கட்டியிருக்கிறார்கள், அதைப் பார்க்க வேண்டும்" என்கிறான். நூலகத்துக்குப் போகவிட்டது வீண்போகவில்லை. சீர்காழியிலிருந்து தரங்கம்பாடி அதே கரையோரம்தான். பேரனுக்கும் அம்மம்மாவுக்கும் ஒரே வழியாக அமைந்துவிட்டது.

சின்னவள், கடலுக்கு மேலே ரயில் போக வேண்டும் என்றாள். அது நான் சொன்ன கதை. மண்டபம் முகாமில் இரவில் படுத்திருக்கும்போது பாம்பன் பக்கம் போகும் ரயிலின் ஓசை கேட்கும். திரும்பி வந்து பள்ளியில் சேர்ந்தபோது, கடலின் மேல் ரயில் போவதைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. ஆசிரியைகூடப் பொய் சொல்லக்கூடாது என்றார். 1914இல் திறந்த அந்தப் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் இப்போது புதிய பாலம் வந்திருக்கிறது. இந்த ஏப்ரல் 6ஆம் திகதி திறந்தார்கள். கப்பல் வந்தால் நடுத்துண்டு, 72 மீற்றருக்கு மேல் நீளமானது, அப்படியே நேராக மேலே உயரும். மூத்தவனும் இதற்கு இரண்டு கைகளையும் தூக்கினான்.

ஆக மண்டபத்தில் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்குவது. என் இடத்தைச் சின்னவள் கேட்டுவிட்டாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 26, சனி

பணக்கணக்கு. அவர்களுடைய ஒரு ரூபாய்க்கு எங்களுடைய மூன்றரை ரூபாய் வருகிறது. மூத்தவனிடம் குறிப்புப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து நாட்செலவை எழுதும் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குத் தலைக்கு ஐந்நூறு இந்திய ரூபாய்; எதையும் வாங்கலாம், முடிந்தால் முடிந்ததுதான்.

மருந்துப் பை: வாந்தி மாத்திரை, காய்ச்சல் பாணி, பிளாஸ்திரி, அம்மாவின் அழுத்த மாத்திரை பத்து நாளுக்குப் பதில் இருபது நாளுக்கு, மருத்துவரின் சீட்டோடு. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத்தூள் பத்துப் பைக்கற். வெயிலில் வாடும் பிள்ளைக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

ஐந்து விசாவும் வந்துவிட்டன.

என்னுடையதை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகம், என் பெயர், ஓர் இலக்கம், ஒரு திகதி. இனி யாராவது கேட்டால் எழுத ஓர் இலக்கம் இருக்கிறது. இவர் கடைக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிவந்தார். விமான டிக்கெட்டை இன்றே எடுத்துவிட்டோம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அம்மம்மா ஏன் முன்பு இந்தியாவுக்குப் போனார் என்று சின்னவள் கேட்டாள். அவள் வயதில்தான் நான் போனேன் என்பதால் மறைக்க மனம் வரவில்லை. சண்டை நடந்தது, வீட்டில் இருக்க முடியவில்லை, வள்ளத்தில் போனோம், அங்கே சோறு தந்தார்கள், பள்ளியில் சேர்த்தார்கள் என்றேன். மணல்திட்டைப் பற்றிச் சொல்லவில்லை. மூத்தவன் தனியாக வந்து இன்னும் கேட்டான். அவனுக்குச் சொன்னேன். மண்டபம் முகாமின் பழைய கதையையும் சொன்னேன்: வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்த மக்களை அங்கேதான் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்துக் கப்பலேற்றினார்கள். அங்கிருந்து இங்கே வந்தவர்களும் இங்கிருந்து அங்கே போனவர்களும் படுத்த நிலம் ஒன்றுதான். அவன் எதையோ குறிப்புப் புத்தகத்தில் எழுதினான். செலவுக்கணக்குப் பக்கத்தில் அல்ல, பின்னாலிருந்து.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பைகள் கட்டியாயிற்று. சின்னவளின் கைப்பையில் மாற்றுச் சட்டை இரண்டு. அதிகாலை நான்கு மணிக்கு வான் வரும். நல்லூரில் திருவிழாக் காலம். காலையில் அங்கே கும்பிட்டுவிட்டுப் பலாலிக்குப் போவதாக ஏற்பாடு. பயணச் சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு அம்மாதான் செய்கிறார், வேறு யாரையும் அடுப்பங்கரைக்குள் விடவில்லை.

சற்று முன் வாழையிலையை வாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "மண்டபத்தில் நான் முகாமுக்குள் வர மாட்டேன், பிள்ளை. வானுக்குள் இருப்பேன். நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு."

"சரி அம்மா."

"வாசலுக்கு இடதுபக்கம் ஒரு கிணறு இருந்தது. தண்ணீர் நல்லது. அது இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வந்து சொல்லு."