பீவர் தோலும் மேலப்பாளையத்து மண்டியும்

பழைய வட அமெரிக்காவில் காட்டுக்குள் போய்த் தோல் வாங்கியவர்கள் என்றாலே, சினிமாக்காரர்கள் ஒரு தாடியையும் துப்பாக்கியையும் காட்டி முடித்துவிடுகிறார்கள். மண்டிக்காரர் மகனான எனக்கு அது ஒட்டவில்லை. தோல் வாங்குகிறவருக்குத் துப்பாக்கியைவிடப் பேரேடு முக்கியம்.

வாப்பா மேலப்பாளையத்தில் சின்னதாக மண்டி வைத்திருந்தார். ஆட்டுத்தோல் வந்து இறங்கியதும் சதைப்பக்கம் மேலே தெரிய விரித்து, உப்பை அள்ளித் தேய்த்து அடுக்குவார்கள். கத்தி பட்டு ஓட்டை விழுந்திருந்தால் விலை விழுந்துவிடும். பக்ரீத்துக்கு மறுநாள் அந்தத் தெருவில் நடந்தவர்களுக்கு வாசனையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது மண்டி இல்லை. நான் படிப்பதை வாப்பாவுக்குச் சொல்வேன், அவர் குறுக்கே கேள்வி கேட்பார்.

அங்கே தோல் வாங்கிய ஆங்கிலேயக் கம்பெனியான ஹட்சன் வளைகுடாக் கம்பெனிக்கு 1670-ல் இரண்டாம் சார்லஸ் மன்னர் பட்டயம் கொடுத்தார். கோட்டை என்று பெயர் வைத்த அவர்களுடைய வியாபார நிலையங்களில் காசு புழங்கவில்லை. பீவர் என்பது ஆற்றில் அணை கட்டி வாழும், அடர்ந்த மயிருள்ள விலங்கு. அதன் நல்ல குளிர்காலத் தோல் ஒன்றுதான் கணக்குக்கு அலகு. துப்பாக்கிக்கு இத்தனை தோல், கம்பளிக்கு இத்தனை தோல் என்று பட்டியல் உண்டு. மற்ற விலங்குகளின் தோலையும் பீவராக மாற்றித்தான் பேரேட்டில் ஏற்றுவார்கள்.

வாப்பா நம்ப மறுத்தது ஒன்றைத்தான். புதுத்தோலைவிட, உடுத்திப் பழசான தோலுக்கு விலை கூட! அங்கத்திய பூர்வகுடிகள் பீவர் தோல்களைச் சேர்த்துத் தைத்து, மயிர்ப்பக்கம் உடம்பில் படும்படி குளிர்காலம் முழுக்கப் போர்த்திக்கொள்வார்கள். வேர்வையும் உரசலுமாக நீளமான முரட்டு மயிர் உதிர்ந்து, அடியில் இருக்கும் மெத்தென்ற மயிர் மட்டும் மிஞ்சும். ஐரோப்பாவில் தொப்பி செய்கிறவர்களுக்கு அந்த அடிமயிர்தான் தேவை. அதில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருப்பதால், ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கெட்டியான ஃபெல்ட்டாக, அதாவது நெய்யாத மயிர்த்துணியாக, இறுகும். முரட்டு மயிரைக் களையும் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டதால் அந்தத் தோலுக்குக் கிராக்கி.

"உடுத்திக் கிழிச்ச சட்டைக்குக் கூடுதல் ரூவாயா? நல்லா இருக்கே சோலி!" என்றார்.

கடன் விஷயத்தை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. குளிர் தொடங்குமுன் வேட்டைக்காரருக்குத் துப்பாக்கி மருந்து, கம்பளி, கத்தி எல்லாம் கடனாகப் போகும். வசந்தத்தில் தோலாகத் திரும்பும். வேட்டை பொய்த்தால் பாக்கி அடுத்த வருசத்துக்கு நகரும். ரொம்பக் கறாராகக் கேட்டால் ஆள் எதிர்க் கம்பெனிக்குப் போய்விடுவார். பட்டியலில் உள்ள விலைக்குமேல் கறந்ததும் அளவில் குறைத்ததும் கோட்டைக் கணக்கில் தனி வரவாக ஏறின. வாப்பா சிரித்தார், பதில் சொல்லவில்லை. எங்கள் தராசைப் பற்றி நானும் கேட்கவில்லை.

சுமை தூக்குகிறவர்கள் பாடுதான் கொடுமை. மாண்ட்ரியல் பக்கத்து எதிர்க் கம்பெனியான நார்த் வெஸ்ட் கம்பெனியில் ஒரு கட்டு 90 பவுண்டு, கிட்டத்தட்ட 41 கிலோ. ஓடம் போக முடியாத இடங்களில், நெற்றியில் வாரைப் போட்டு இரண்டு கட்டுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நடப்பார்கள். குடலிறக்கம் வந்து செத்தவர்கள் உண்டு.

எனக்குப் பிடித்தவர் டேவிட் தாம்சன். 1784-ல் 14 வயதில் ஹட்சன் வளைகுடாக் கம்பெனிக்கு வேலை பழக வந்தார். 1797-ல் எதிர்க் கம்பெனிக்கு மாறினார். வியாபாரத்தோடு நாட்டையும் அளந்து வரைபடம் போட்டார். நிறையப் பேர் அங்கே கட்டிய பெண்ணை அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். இவரோ கிரீ என்ற பூர்வகுடி இனத்துத் தாய்க்குப் பிறந்த ஷார்லட்டை 1799-ல் கட்டி, 1857-ல் வறுமையில் சாகிறவரை கூடவே வாழ்ந்தார்.

அன்றைய தோல் வியாபாரத்தில் சாராயம் பெரிய தூண்டில். தாம்சனுக்கு அது ஆகாது. 1808-ல் கம்பெனியின் கூட்டுப் பங்காளிகள் இரண்டு பீப்பாய் சாராயத்தை வற்புறுத்தி அவர் தலையில் கட்டினார்கள். ராக்கி மலைக்குப் போகும் வழியில், இருப்பதிலேயே முரட்டுக் குதிரையாகப் பார்த்து அதன்மேல் ஏற்றிவிட்டார். சுமையை உதறக் குதிரை பாறையில் உரசி உரசி, மத்தியானத்துக்குள் பீப்பாய் இரண்டும் நொறுங்கிக் காலி. இனி அனுப்பினாலும் இதே கதிதான் என்று பங்காளிகளுக்கு எழுதியும் போட்டார். மலைக்கு மேற்கே வியாபாரம் தன் பொறுப்பில் இருந்த அடுத்த 6 வருசமும் சாராயம் வரவில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

வாப்பா இதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். முடிந்ததும், "ஏல, குதிரைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார்.