வேறு சர்வரில் ஏற்றிய தரவுத்தளம் யாருடையது?

ஒரு சர்வரில் எடுத்த பேக்கப்பை அதே சர்வரில் திரும்ப ஏற்றும்போது எழாத கேள்வி ஒன்று, அதை வேறோர் இடத்தில் ஏற்றியவுடன் எழுந்துவிடும்: இந்த அட்டவணைகளுக்கெல்லாம் உரிமையாளர் யார்? தரவுத்தள நிர்வாகத்தில் நான் கண்டவரை, தரவு தொலைந்ததால் வந்த சங்கடங்களைவிட, தரவு ஒரு வரி குறையாமல் வந்து சேர்ந்தும் செயலியால் அதைத் தொட முடியாமல் போனதால் வந்த சங்கடங்களே அதிகம். உற்பத்திச் சர்வரின் நகலைச் சோதனைச் சர்வரில் ஏற்றித் தரும் பொறுப்பு நெடுங்காலம் என்னிடம் இருந்ததால், இந்தச் சிக்கலின் பல முகங்களையும் பார்க்க நேர்ந்தது.

நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்தியது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள். அதில் ரோல் எனப்படும் பயனர் கணக்குகள் எந்த ஒரு தரவுத்தளத்துக்குள்ளும் இருப்பதில்லை. அந்தச் சர்வரில் உள்ள எல்லாத் தரவுத்தளங்களுக்கும் பொதுவாக, வெளியே இருக்கின்றன. ஆனால் அதன் பேக்கப் கருவியான பிஜி_டம்ப் எடுப்பதோ ஒரு தரவுத்தளத்தின் நகலை மட்டும். ஆகவே ‘இந்த அட்டவணையின் உரிமையாளர் இன்னார்’, ‘இதை வாசிக்க இன்னாருக்கு அனுமதி உண்டு’ என்ற கட்டளைகள் அந்த நகலில் இருக்குமே தவிர, அந்த இன்னாரை உருவாக்கும் கட்டளை இருக்காது. புதிய சர்வரில் அந்தப் பெயரில் ரோல் இல்லையென்றால், நகலை ஏற்றும் கருவியான பிஜி_ரீஸ்டோர் முதலில் அட்டவணையை உருவாக்கும், பிறகு உரிமையாளரை மாற்ற முயன்று, ‘ரோல் டஸ் நாட் எக்சிஸ்ட்’ என்று ஒரு பிழையைப் பதிவு செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். பிழை கண்டால் நின்றுவிடுவது அதன் இயல்பான வழக்கமல்ல. இறுதியில், இத்தனை பிழைகள் புறக்கணிக்கப்பட்டன என்று ஒரே ஒரு வரியில் எச்சரிக்கும். அந்த வரியை யாரும் படிப்பதில்லை. அட்டவணைகள் எல்லாம் ரீஸ்டோரை ஓட்டியவரின் பெயரிலேயே தங்கிவிடும்.

“சார், ரோ கவுண்ட் எல்லாம் சரியாக இருக்கிறது” என்று குழுவின் இளைஞர் ஒருவர் வந்து சொல்வார். அவர் சொல்வது உண்மைதான், வரிகளின் எண்ணிக்கை குறையவில்லை. செயலி இணைந்து முதல் கேள்வியைக் கேட்கும்போதுதான் ‘பெர்மிஷன் டினைடு’ வரும்.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த குறுக்குவழி ஒன்று உண்டு. உரிமையாளரையும் அனுமதிகளையும் விட்டுவிடச் சொல்லும் நோ-ஓனர், நோ-பிரிவிலேஜஸ் ஆகிய இரண்டு விருப்பங்களையும் கொடுத்து, எல்லா அதிகாரமும் கொண்ட சூப்பர்யூசராக இருந்து ஏற்றிவிட்டு, பின்னர் எல்லாவற்றையும் செயலியின் ரோல் பெயருக்கு மாற்றிவிடுவது. பதிவில் ஒரு பிழைகூட இராது. நான் அஞ்சுவது அந்தச் சுத்தமான பதிவைத்தான். உரிமை என்பது அட்டவணையின்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு மட்டுமாக இருந்திருந்தால் இந்த வழியில் குறை சொல்ல ஏதுமில்லை; தரவுத்தளம் பல இடங்களில் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில், விலைப்பட்டியல்களை அந்தந்தக் கிளையின் பணியாளர் மட்டுமே பார்க்கும்படி, எந்த வரியை யார் பார்க்கலாம் என்று வரையறுக்கும் வரிசை அளவிலான பாதுகாப்புக் கொள்கை அட்டவணையிலேயே எழுதப்பட்டிருந்தது. சோதனைச் சர்வரில் ஒரு கிளையின் பெயரில் நுழைந்த சோதனையாளருக்கு எல்லாக் கிளைகளின் விலைப்பட்டியல்களும் தெரிந்தன. அது செயலியின் பிழையாகப் பதிவாகி, நிரலாளர்கள் வடிகட்டும் பகுதியை வரிவரியாகத் தேடினார்கள். அங்கே எந்தத் தவறும் இல்லை. பிஎஸ்கியூஎல் என்ற கட்டளைக் கருவியில் அட்டவணைகளைப் பட்டியலிட்டுப் பார்த்தபோது, ‘ஓனர்’ என்ற கடைசிப் பத்தியில், வரிக்கு வரி செயலி இணையும் அதே ரோலின் பெயர் நின்றது. போஸ்ட்கிரெஸில் அட்டவணையின் உரிமையாளரை இந்தக் கொள்கைகள் கட்டுப்படுத்துவதில்லை. அவரையும் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் ‘ஃபோர்ஸ்’ என்று தனியாக அறிவிக்க வேண்டும். உற்பத்திச் சர்வரில் உரிமையாளர் ஒரு ரோல், செயலி வேறொரு ரோல் என்று இருந்ததால் அங்கே காவல் வேலை செய்தது. சோதனைச் சர்வரில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால், கொள்கைகள் அத்தனையும் அட்டவணையில் அப்படியே இருந்தும், ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் செயலிழந்திருந்தன.

‘செக்யூரிட்டி டிஃபைனர்’ என்று குறிக்கப்பட்ட ஃபங்ஷன்களின், அதாவது தரவுத்தளத்திலேயே எழுதிவைத்த சிறு நிரல்களின், நிலை இதைவிட மோசம். அவை அழைப்பவரின் அனுமதியில் ஓடுவதில்லை, உரிமையாளரின் அனுமதியில் ஓடுகின்றன. குறைந்த அதிகாரமுள்ள ஒரு ரோலுக்குச் சொந்தமாக இருந்த ஃபங்ஷன், சூப்பர்யூசர் ஏற்றிய நகலில் சூப்பர்யூசருக்குச் சொந்தமாகிவிட்டால், அதை அழைக்க முடிந்த எவரும் அந்த ஃபங்ஷனுக்குள் சூப்பர்யூசரின் அதிகாரத்தைப் பெறுகிறார். அட்டவணைகள்மேல் சேமித்துவைத்த கேள்விகளான வியூக்களும் இயல்பாகத் தம் உரிமையாளரின் அனுமதியைக் கொண்டே அடியிலுள்ள அட்டவணைகளை அணுகுகின்றன. அனுமதி மறுக்கப்பட்டால் யாராவது வந்து புகார் சொல்வார்கள், தாராளமாகக் கிடைத்துவிட்டால் யாரும் வாய் திறப்பதில்லை.

ஆகவே நான் கைக்கொண்ட முறை நேர்வழிதான், கொஞ்சம் நேரம் பிடிக்கும். முதலில் சர்வர் முழுவதையும் எடுக்கக்கூடிய பிஜி_டம்ப்ஆலைக் கொண்டு ரோல்கள் முதலிய பொதுவானவற்றை மட்டும் தனியே எடுப்பேன். அதில் கடவுச்சொற்களின் ஹாஷ்களும் வந்துவிடும் என்பதால், அவற்றைத் தவிர்க்கும் விருப்பத்தையும் சேர்த்தே கொடுப்பேன். உற்பத்திச் சர்வரின் கடவுச்சொல் எந்த வடிவிலும் சோதனைச் சர்வருக்குப் போக வேண்டிய அவசியமில்லை. ரோல்களை முன்கூட்டியே உருவாக்கிய பிறகு, முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஒரே டிரான்ஸாக்ஷனாக, பிழை வந்தால் முழுவதும் நின்றுவிடும்படி ஏற்றுவேன். இவ்வாறு ஏற்றும்போது பல வேலைகளை இணையாக ஓட்ட முடியாது. பெரிய தரவுத்தளமென்றால் ஒரே டிரான்ஸாக்ஷன் என்பதை விட்டுவிட்டு, முதல் பிழையிலேயே நிற்கும் விருப்பத்தை மட்டும் கொடுப்பேன்.

ஏற்கெனவே தவறான பெயரில் ஏறிவிட்டதைச் சரிசெய்வதுதான் பெரும்பாடு. ‘ரீஅசைன் ஓன்ட்’ என்ற கட்டளை ஒரு ரோலுக்குச் சொந்தமான எல்லாவற்றையும் இன்னொன்றுக்கு மாற்றும் என்றாலும், அட்டவணைகள் முதலானவற்றை நாம் இணைந்திருக்கும் தரவுத்தளத்துக்குள் மட்டுமே மாற்றும். எல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற ஆதி சூப்பர்யூசர் பெயரில் ஏறியிருந்தால் அந்தக் கட்டளையே மறுத்துவிடும். அமைப்புக்குத் தேவையான பொருள்களும் அதே ரோலின் பெயரில்தான் இருக்கின்றன. பிறகு, தரவுத்தளம் தன் பொருள்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கும் கேட்டலாகிலிருந்து ஒவ்வொன்றாகப் பெயரெடுத்து மாற்றும் ஸ்கிரிப்டை எழுத வேண்டியதுதான். பலரும் அட்டவணைகளையும் வியூக்களையும் மாற்றிவிட்டு ஃபங்ஷன்களையும் டைப்களையும் இவற்றையெல்லாம் அடக்கிய ஸ்கீமாவையும் விட்டுவிடுகிறார்கள். அட்டவணைகளின் அமைப்பை மாற்றும் அடுத்த மைக்ரேஷன் ஓடும்போதுதான் அது தெரியும்.

அனுமதிகளைத் திரும்பக் கொடுப்பதிலும் இப்படி விடுபடுவது உண்டு. எல்லா அட்டவணைகளுக்கும் அனுமதி கொடுத்தால் தானாக எண் ஏறும் சீரியல் பத்திக்குப் பின்னாலிருந்து அந்த எண்ணைத் தரும் சீக்வென்ஸுக்கு அது சேராது. ஆகவே பட்டியல் திறக்கும், புதிய பதிவு மட்டும் விழாது. ஏற்றியபின் சோதிப்பவர்கள் பெரும்பாலும் வாசித்துத்தான் பார்க்கிறார்கள் என்பதால் இது சில நாட்கள் கழித்தே வெளிவரும். 2022இல் வெளியான போஸ்ட்கிரெஸ் 15ஆம் பதிப்பிலிருந்து இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: புதிதாக உருவாகும் தரவுத்தளத்தில் பப்ளிக் ஸ்கீமாவுக்குள் எவரும் அட்டவணை உருவாக்கலாம் என்ற பழைய தாராளம் எடுக்கப்பட்டது. பழைய தரவுத்தளத்தை முறையாக டம்ப் எடுத்து ஏற்றினால் பழைய அனுமதி பாதுகாக்கப்படும். அனுமதிகளை விலக்கி ஏற்றினால் புதிய கட்டுப்பாடு வந்துவிடும். குறுக்குவழியில் போனவர்களே அங்கே முட்டிக்கொண்டார்கள்.

மற்ற தரவுத்தளங்களிலும் இதே கதைதான். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில், நுழைவதற்கான லாகின் சர்வருக்கும், அதற்கு இணையான யூசர் என்ற கணக்கு தரவுத்தளத்துக்கும் உரியவை. இரண்டையும் இணைப்பது பெயரல்ல, எஸ்ஐடி என்ற அடையாள எண். புதிய சர்வரில் அதே பெயரில் லாகின் உருவாக்கினாலும் எண் வேறாகிவிடுவதால், பத்திரத்திலும் பட்டாவிலும் ஒரே பெயர் இருந்தும் ஆள் வேறு என்று தாலுகா அலுவலகம் திருப்பி அனுப்புவதைப் போல, கதவு திறக்காது. ‘ஆல்டர் யூசர்’ கட்டளையால் இரண்டையும் மீண்டும் இணைக்கலாம். லாகினை உருவாக்கும்போதே பழைய எஸ்ஐடியைக் கொடுத்துவிட்டால், அடுத்தடுத்த ரீஸ்டோர்களிலும் இந்த வேலை மிஞ்சாது. மைஎஸ்கியூஎல்லில் வியூக்களும், தரவு மாறும்போது தானாக ஓடும் டிரிகர்களும் தம்மை உருவாக்கியவரின் பெயரையும், அவர் இணையும் கணினியான ஹோஸ்டையும் டிஃபைனராகச் சுமந்து வருகின்றன. அந்தப் பயனர் இல்லையென்றால், பயன்படுத்தும் நேரத்தில் 1449 என்ற பிழை வரும். டம்ப் கோப்பிலிருந்து டிஃபைனர் வரிகளை வெட்டி எறிந்துவிட்டு அங்கே எல்லா அதிகாரமும் கொண்ட ரூட்டாக ஏற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன்பின் அத்தனையும் ரூட்டின் அதிகாரத்தில் ஓடும்.

கிளவுட் சேவைகளில் நமக்கு உண்மையான சூப்பர்யூசர் கிடைப்பதில்லை. அமேசானின் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ்ஸில், அங்கே நமக்குக் கிடைக்கும் முதன்மைக் கணக்கான மாஸ்டர் யூசராக இருந்தாலும், ஓர் அட்டவணையை இன்னொரு ரோலுக்கு மாற்றவேண்டுமானால் நாம் அந்த ரோலின் உறுப்பினராக இருக்க வேண்டும். இல்லையேல் உரிமை மாற்றம் நடக்காது. ஏற்றுவதற்கு முன் அந்த உறுப்புரிமையைக் கொடுத்து, முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்வேன். இந்தத் திரும்பப் பெறுதலை ஸ்கிரிப்டிலேயே எழுதிவைத்திருக்கிறேன், ஏனெனில் வேலை முடிந்த நிம்மதியில் இதைச் செய்ய யாருக்கும் நினைவு வராது.

பிறகு செயலியின் ஒவ்வொரு ரோலாகவும் நுழைந்து, ஒரு வரியை வாசித்து, ஒரு வரியை எழுதி, கடைசியாக அந்த ரோல் பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்க்க முயல்வேன். மூன்றாவது முயற்சியில் அனுமதி மறுக்கப்பட்டால், அல்லது கொள்கை இருக்கும் அட்டவணையில் வேற்றுக் கிளையின் வரி ஒன்றுகூட வராமலிருந்தால்தான், சர்வரின் முகவரி சோதனைக் குழுவுக்குப் போகும்.