புதிய கார்டு வாங்காமல் 48ஐத் தக்கவைத்த கதை

என் மேசைக் கணினியில் இருப்பவை ரைசன் 5 3600 பிராசசர், 6 ஜிபி நினைவகமுள்ள ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி வீதம் இரண்டு ரேம்கள். பிராசசரும் கார்டும் 2019இல் சந்தைக்கு வந்தவை. சைபர்பங்க் 2077 விளையாடும்போது சராசரி 52 எஃப்பிஎஸ் (நொடிக்கு இத்தனை ஃபிரேம்கள், அதாவது படங்கள் என்ற கணக்கு) காட்டினாலும், கூட்டம் நிறைந்த தெருவில் வண்டியைத் திருப்பினால் படம் வெட்டி வெட்டித்தான் நகர்ந்தது. அக்காள் மகன் சற்று நேரம் பார்த்துவிட்டு, "மாமா, கார்ட மாத்துங்க, வேற வழியே இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். சிங்கப்பூரின் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் புதிய கார்டுகளின் விலையை விசாரித்த பிறகு, அந்தத் தீர்ப்பின் மேல் முறையீடு செய்வது என்று முடிவெடுத்தேன்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் கார்டைக் கண்காணிக்கவும் அதன் அமைப்புகளை மாற்றவும் உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளை நிறுவி, விளையாடும்போதே திரையின் மூலையில் அளவுகள் தெரியும்படி செய்துகொண்டேன். புறநகர்ச் சாலையில் கார்டின் பயன்பாடு 97 விழுக்காட்டில் நின்றது. சந்தைப் பகுதிக்குள் நுழைந்ததும் அது 70க்கு இறங்கியது. அதாவது, படம் வெட்டிய இடங்களில் கார்டு திணறவில்லை, பிராசசரிடமிருந்து வேலை வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. மிக மெதுவாக வந்த 1 விழுக்காட்டு ஃபிரேம்களை மட்டும் கணக்கிட்டால் வேகம் 34தான். கண்ணை உறுத்தியது இந்த எண்ணே தவிர, 52 என்ற சராசரி அன்று.

எந்த எண்ணை எட்டவேண்டும் என்பதை என் மானிட்டரே சொல்லிவிட்டது. கார்டோடு ஒத்திசையும் ஃப்ரீசிங்க் என்ற வசதி அதில் இயங்கும் வீச்சு 48 முதல் 75 ஹெர்ட்ஸ் வரை. ஃபிரேம்கள் இந்த எல்லைக்குள் வந்துகொண்டிருந்தால், கார்டு தரும் வேகத்துக்கு ஏற்ப மானிட்டர் தன் புதுப்பிப்பு வேகத்தை மாற்றிக்கொள்ளும். 48க்குக் கீழே போய்விட்டால் அந்த ஒத்திசைவு அறுந்துவிடும். மேல் எல்லை கீழ் எல்லையைப் போல் இரு மடங்காவது உள்ள மானிட்டர்களில், குறைந்த வேகத்தில் ஒரே ஃபிரேமை இருமுறை காட்டிச் சமாளிக்கும் வசதி உண்டு. 48க்கும் 75க்கும் இடையில் அதற்கு இடமில்லை. என் கார்டைப் போன்ற என்விடியா நிறுவனக் கார்டுகள் ஃப்ரீசிங்க் மானிட்டர்களோடு ஒத்திசையத் தொடங்கியது 2019 ஜனவரியில் வந்த டிரைவரிலிருந்துதான் (கார்டை இயக்கும் மென்பொருள்தான் டிரைவர்). என் கார்டுக்கு அதற்கு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் தேவை. அதுவரை எச்டிஎம்ஐ கேபிளே மாட்டியிருந்ததால், சில வெள்ளிக்குப் புதிய கேபிள் ஒன்றை வாங்கி மாட்டி, என்விடியா கன்ட்ரோல் பேனலிலும் அந்த வசதியை இயக்கினேன்.

அடுத்தது ரேம். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் வேகம் 2133 என்று இருந்தது. ரேமின் மேல் ஒட்டியிருந்த தாளிலோ 3200 என்று அச்சிட்டிருந்தது. மதர்போர்டு எந்த ரேமையும் முதலில் பொதுவான பாதுகாப்பு வேகத்தில்தான் ஓட்டும் என்பதால், பெட்டியில் போட்ட வேகம் வேண்டுமென்றால் கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புக்குள் போய் எக்ஸ்எம்பி என்பதை நாமே இயக்க வேண்டும். சில போர்டுகளில் அதே வசதி டிஓசிபி என்ற பெயரில் இருக்கும். என் பிராசசர் சேர்ந்த ரைசன் 3000 வரிசையில் இதன் பலன் கூடுதல். ஏனெனில் கோர்கள் உள்ள சில்லையும் ரேமோடு பேசும் சில்லையும் இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக், ரேமின் கடிகாரத்தோடு சேர்ந்தே ஓடுகிறது. ரேம் 2133இல் இருந்தால் அது சுமார் 1066 மெகாஹெர்ட்ஸ், 3200இல் இருந்தால் 1600. காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றத்தில் சராசரி 55க்குத்தான் ஏறியது, ஆனால் 34 என்று இருந்த அந்த எண் 45 ஆகிவிட்டது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு, பிழை ஏதும் வரவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே அடுத்த வேலைக்குப் போனேன்.

நம் ஊரில் வெப்பத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இதைப் பேச முடியாது. குளிர்சாதனம் போடாத பிற்பகலில் என் அறை 31 டிகிரி. கார்டு 82ஐத் தொட்டுவிடும். என்விடியா கார்டுகள் எச்சரிக்கை எல்லை வரும்வரை பொறுத்திருப்பதில்லை, சூடு ஏற ஏறச் சிறுகச் சிறுகத் தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும். கணினிக் கேஸின் முன்பக்கக் காற்று வடிகட்டியைக் கழற்றினால், தூசியோடு கலந்த சாம்பல் நிறப் படலம் ஒன்று துணிபோல் உரிந்து வந்தது. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் எங்கள் புளோக்கின் கீழே காணிக்கைத் தாள்களை எரிக்கிறார்கள், என் மேசையோ சன்னலோரம் இருக்கிறது. வடிகட்டியைக் கழுவிக் காயவைத்ததிலேயே 4 டிகிரி இறங்கியது.

சூட்டை இன்னும் தணிக்க, அதன்பின் கார்டின் மின்னழுத்தத்தைக் குறைத்தேன். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோலையும் எஃப் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் எந்த மின்னழுத்தத்தில் எவ்வளவு வேகம் என்று காட்டும் வளைகோடு திறக்கும். 900 மில்லிவோல்ட் புள்ளியை 1815 மெகாஹெர்ட்ஸில் வைத்து, அதற்கு வலப்புறம் உள்ள கோட்டைத் தட்டையாக்கினேன். ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு விதம் என்பதால் என் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆட்டம் நடுவில் நின்றுபோனால் மெகாஹெர்ட்ஸைச் சற்றுக் குறைத்துப் பார்க்கவேண்டும். எனக்குக் கார்டு 72 டிகிரியில் நின்றது, ஃபேனின் இரைச்சலும் அடங்கியது, வேகத்தில் இழப்பு ஏதும் தெரியவில்லை.

48ஐ எட்ட மீதமிருந்த 3 ஃபிரேம்களை ஆட்டத்தின் அமைப்புகளில் தேடினேன். கூட்ட அடர்த்தி என்ற அமைப்பு கண்ணில் பட்டது. பிராசசரின் சுமையை நேரடியாகக் குறைப்பது அதுதான். நடுத்தரத்துக்கு இறக்கியதும் சந்தைப் பகுதியிலும் 49, 50 என்று நின்றது. படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆர் கார்டின் பாரத்தைத்தான் குறைக்கும், பிராசசருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மேலும் 1080பி திரையில் குவாலிட்டி நிலையில்கூட உள்ளே வரையப்படுவது 720பி படம்தான் என்பதால், கம்பிவேலிகளும் தலைமுடியும் கசங்கித் தெரிந்தன. அதை அணைத்துவிட்டேன். வேகத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நீக்கிவிட்டேன்.

அன்ரியல் என்ஜின் என்ற ஆட்ட உருவாக்க மென்பொருளில் செய்த சில ஆட்டங்களில் புதிய இடத்துக்கு முதல்முறை போகும்போது வரும் திக்கல் மட்டும் தீரவில்லை. ஒளியும் நிறமும் எப்படித் தெரியவேண்டும் என்று கார்டுக்குச் சொல்லும் ஷேடர் என்ற சிறு நிரல்கள் அந்த நொடியில்தான் தொகுக்கப்படுகின்றன. மறுமுறை அதே இடத்துக்குப் போனால் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்வதால் திக்குவதில்லை. டிரைவரைப் புதுப்பித்தால் அந்தச் சேமிப்பு வீணாகி, தொகுப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே ஓர் ஆட்டத்தை முடிக்கும்வரை டிரைவரைத் தொடுவதில்லை. என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஷேடர் சேமிப்பின் அளவையும் 10 ஜிபியாக வைத்திருக்கிறேன்.