ஆள் ஆர்?

சென்ற வாரம் தமிழ்க் கட்டுரைகள் சிலவற்றில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதைப் பட்டை வரைபடமாக்கி நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். 'யார்' என்பதை 'ஆர்' என்றே சொல்லியும் எழுதியும் பழகிய அவர், "இந்த நிரல் ஆர் எழுதினது?" என்று கேட்டார். புள்ளியியல் வேலைகளுக்குப் பயன்படும் ஆர் (R) என்ற நிரல்மொழியைத்தான் அவர் கேட்கிறார் என்று நினைத்து, "ஆமாம், ஆர்தான். பதிப்பு 4.1" என்று பதில் அனுப்பினேன். "பதிப்பு கிடக்கட்டும், ஆள் ஆர்?" என்று அவர் திரும்பக் கேட்டபோதுதான் சிரிப்பு வந்தது.

தரவுப் பகுப்பாய்வு செய்வோரிடையே புழங்கும் நகைச்சுவையில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் பிறந்தது. பெயரை நம்பி நிற்கும் வேடிக்கைகள் தமிழுக்கு வரும் வழியிலேயே உயிரை விட்டுவிடுகின்றன. பைத்தான் என்ற நிரல்மொழியின் பெயர் பாம்பிலிருந்து வந்ததன்று, பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரான மான்ட்டி பைத்தான்ஸ் ஃபிளையிங் சர்க்கஸிலிருந்து வந்தது என்று விளக்கி முடிப்பதற்குள் கேட்பவர் கொட்டாவி விட்டுவிடுவார். பைத்தானில் தரவு அட்டவணைகளைக் கையாள உதவும் பாண்டாஸ் என்ற நிரல்தொகுப்பும் விலங்கன்று, 'பேனல் டேட்டா' என்ற தொடரின் சுருக்கம். ஆர் மொழியின் பெயரோ இரட்டைச் சிலேடை: 1990களின் தொடக்கத்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் அதை உருவாக்கிய ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரின் முதற்பெயர்களும் அந்த ஆங்கில எழுத்தில் தொடங்குகின்றன, 1976இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த 'எஸ்' என்ற மூத்த மொழிக்கு அகரவரிசையில் முந்தைய எழுத்தும் அதுவே. அவ்விருவரும் தமிழில் யோசித்திருந்தால் மொழிக்கு 'ரா' என்று பெயர் வைத்திருப்பார்கள்; ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்று இலக்கணம் இகரத்தை முன்னே சேர்த்து அதை 'இரா' ஆக்கியிருக்கும். விடிய விடியக் கண்விழிக்க வைக்கும் மொழிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

பெயரை நம்பாமல், கருவி வேலை செய்யும் விதத்திலேயே ஒளிந்திருக்கும் வேடிக்கைகள் எம்மொழிக்கும் அப்படியே வந்துவிடுகின்றன. இரண்டு ஒட்டிய உறைகளை ஒருவர் முன் வைத்து, உள்ளே இருக்கும் எண்கள் சமமா என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஆர் மொழியில் விடுபட்ட மதிப்பைக் குறிக்கும் என்.ஏ. இரண்டை ஒப்பிட்டால் 'தெரியாது' என்ற பொருளில் இன்னொரு என்.ஏ. பதிலாக வருகிறது, அது நாணயமான பதில். பைத்தானில் எண்ணாக அமையாத மதிப்பைக் குறிக்கும் 'நான்' இரண்டை ஒப்பிட்டால் 'இல்லை' என்று அடித்துச் சொல்கிறது; அதே பைத்தானில் 'ஒன்றுமில்லை' என்பதைக் குறிக்கும் 'நன்' இரண்டை ஒப்பிட்டால் 'ஆம்' என்று தலையாட்டுகிறது. தமிழ் எழுத்தில் 'நான்' நானே அல்லேன் என்று வந்து நிற்கிறது. வேதாந்தம் படித்தவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ தெரியவில்லை.

இந்த என்.ஏ. ஒரு நாட்டையே விழுங்கியும் இருக்கிறது. நமீபியாவின் ஈரெழுத்து நாட்டுக் குறியீடு ஆங்கிலத்தில் அதே இரண்டு எழுத்துகள்தான். ஆர், பாண்டாஸ் இரண்டுமே கோப்பை வாசிக்கும்போது, வேறு விதமாகச் சொல்லி வைக்காவிட்டால், அவ்வெழுத்துகளை 'தகவல் இல்லை' என்று எடுத்துக்கொள்வதால், உலக நாடுகளின் அட்டவணையில் நமீபியாவின் குறியீடு பிழைச்செய்தி ஏதுமின்றி மறைந்துபோகிறது. மரபணு ஆய்வாளர்களுக்கு நேர்ந்தது இதற்கும் மேல்: எக்செல் சில மரபணுப் பெயர்களைச் செப்டம்பர், மார்ச் மாதத் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மென்பொருள் மாறும் வரை காத்திராமல், மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே அப்பெயர்களை மாற்றிவிட்டதாக 2020இல் செய்தி வந்தது.

என் பங்குக்கும் ஒன்று உண்டு. தரவு அட்டவணைக்குப் பலரும் வைப்பதுபோல் 'டிஎஃப்' என்று பெயர் வைப்பது என் வழக்கம். ஒரு நாள் கோப்பை வாசிக்கும் வரியை இயக்க மறந்து, இல்லாத அட்டவணையின் நெடுவரிசையைக் கேட்டேன். அப்படி ஒன்று இல்லை என்று ஆர் சொல்லியிருக்கலாம். ஆனால் அதே பெயரில், புள்ளியியலில் வரும் எஃப் பரவலின் அடர்த்தியைக் கணக்கிடும் செயற்கூறு ஒன்று ஏற்கெனவே அதனுள் இருக்கிறது. எனவே, 'குளோஷர்' (அதாவது செயற்கூறு) வகைப் பொருளைப் பகுத்தெடுக்க இயலாது என்று புதிராகப் பதில் சொன்னது. அரை மணி நேரம் கோப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மீண்டும் அந்த வரைபடத்துக்கே வருகிறேன். 'தமிழ்' என்ற சொல்லில் மூன்று எழுத்துகள் என்பதைச் சிறுவர்களும் அறிவர். ஆனால் ஆர், பைத்தான் இரண்டையும் கேட்டால் ஐந்து என்கின்றன, ஏனெனில் ஒருங்குறியில் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து தனிக் குறியீடுகள் அங்கே இருக்கின்றன. யுடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் சேமித்தால் அவை பதினைந்து பைட்டுகளாகும். சொல்லைத் திருப்பி எழுதச் சொன்னால் புள்ளி முன்னால் வந்து அந்தரத்தில் தொங்க, மகரத்தின் கொக்கி ழகரத்தின்மேல் போய் ஏறிக்கொள்கிறது. நான் இதையெல்லாம் அறிந்திருந்தும், எழுத்துக் கொத்துகளாகப் பிரிக்காமல் குறியீடுகளையே எண்ணிவிட்டேன். அதனால் வரைபடத்தில் ககரத்தையும் தகரத்தையும் பின்னுக்குத் தள்ளி மிக உயர்ந்து நின்ற பட்டையின் அடியில், விடுபட்ட எழுத்துக்குப் பதிலாகக் கணினி இடும் வெற்று வட்டமும் அதன் தலையில் ஒரு புள்ளியும் மட்டுமே இருந்தன. தமிழில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் புள்ளி வேண்டும் அல்லவா, அதுதான் முதலிடம் பிடித்திருந்தது.

நிரலை எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டு, புள்ளியியலில் புள்ளி முந்துவது இயல்பே என்று சமாளித்துப் பார்த்தேன். நண்பர் சற்று நேரம் கழித்து எழுதினார்: "அது சரி, எல்லாரையும் விட உயரமாக நிற்கிற அந்தப் பெரிய புள்ளி ஆர்?"